'லுக் ஃபார்வர்ட் டு' எழுதறப்ப வர்ற சந்தேகங்கள்

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'ன்னு மெயில்ல எழுதினேன், மேனேஜர் 'மீட்டிங் யூ'ன்னு திருத்திட்டார். 'டு' வந்தா அடுத்து வெறும் வெர்ப்தானே வரணும்?

பதில்: அவர் திருத்தினது சரிதாங்க. இங்கிலீஷ்ல 'டு' ரெண்டு வேலை பாக்குது, அங்கதான் எல்லாருக்கும் இடிக்குது. 'ஐ வாண்ட் டு கோ'ல வர்ற 'டு' வெர்ப்போட சேர்ந்தது, அதனால 'கோ' அப்படியே நிக்குது. 'லுக் ஃபார்வர்ட் டு'ல இருக்கறது ப்ரெபொசிஷன், அதுக்குப் பின்னாடி நவுன்தான் வரும், வெர்ப்பை வெச்சே ஆகணும்னா 'இங்' சேர்த்து நவுன் மாதிரி ஆக்கிட்டுத்தான் வைக்கணும். சந்தேகம் வந்தா 'டு'வுக்கு அப்புறம் 'இட்' போட்டு படிச்சுப் பாருங்க. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' ஒழுங்கா நிக்குதா, அப்போ 'இங்'. 'ஐ வாண்ட் டு இட்' நிக்கவே நிக்காது, அங்க வெறும் வெர்ப் போதும்.

கேள்வி: அப்போ 'யூஸ்ட் டு'வும் இதே கதையா?

பதில்: பாதி. 'ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்'னா முன்னாடி நைட்ல வேலை பாத்தேன், இப்போ இல்ல. 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்'னா நைட் வேலை எனக்குப் பழகிடுச்சு. ஒரு 'ஆம்', ஒரு 'இங்' விட்டுப்போனா அர்த்தமே மாறிடும், ரெஸ்யூமேல இத ரொம்ப கவனமா பாருங்க.

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' எழுதலாமா?

பதில்: வேணாம். 'வெயிட்டிங் ஃபார்' ஞாபகத்துல அந்த 'ஃபார்' வந்துடுது. 'டு யுவர் ரிப்ளை' போதும், நவுன் இருக்கறதால 'இங்' தேவையில்ல.

கேள்வி: 'ஐ லுக்'கா, 'ஐ ஆம் லுக்கிங்'கா?

பதில்: ரெண்டும் சரி. வேலைக்கு அப்ளை பண்றப்ப 'ஐ லுக்', தெரிஞ்சவங்களுக்கு 'ஐ ஆம் லுக்கிங்'.

கேள்வி: 'எதிர்பார்க்கிறேன்'னு வர்ற எல்லா இடத்துலயும் இதையே போடலாமா?

பதில்: கூடாதுங்க, இதுல நிறைய பேர் மாட்டிக்கறாங்க. ஒரு விஷயம் எப்போ வரும்னு ஆசையா காத்திருந்தாதான் இது பொருந்தும். வெள்ளம் வரும்னு எதிர்பார்க்கறோம்ங்கறத 'வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு எ ஃப்ளட்'னு எழுதினா வெள்ளம் வரட்டும்னு நாம ஏங்கற மாதிரி ஆயிடும். அங்க 'வி எக்ஸ்பெக்ட் எ ஃப்ளட்'தான். ஆனா கம்ப்ளைன்ட் லெட்டர் முடிவுல 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' தாராளமா போடலாம், பதில் வரணும்னுதானே எழுதறோம்.