திருச்சபைக்கு வெளியே மீட்பு உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிறிஸ்துவே ஒரே வழி என்னும் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்ததும் நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. நான் குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பொதுநிலையினன். யார், எப்போது, யாரிடம், என்ன சொன்னார் என்பதுதான் என் துறை. மோட்சத்துக்குப் போகிறவர்களின் பட்டியல் என்னிடம் இல்லை. அதைக் கேட்டு எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பாளையங்கோட்டை வாசகர்: "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று யோவான் 14:6 சொல்கிறது. இதற்குமேல் விவாதிக்க என்ன இருக்கிறது?

அது கடைசி இராவுணவு மேசையில் இயேசு சொன்ன பதில். கேட்டவர் சீடர் தோமா. 'நீர் போகும் இடமே தெரியாது, வழி எப்படித் தெரியும்?' என்று கலங்கிப்போய்க் கேட்கிறார். பிற சமயத்தார் கதி என்ன என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. அதற்காக அந்த வசனத்தை நீர்த்துப்போகச் செய்ய நான் வரவில்லை. "இவராலேயன்றி வேறு எவராலும் மீட்பு இல்லை" என்று திருத்தூதர் பணிகள் 4:12 யூதத் தலைமைச் சங்கத்தின் முன்னாலேயே சொல்கிறது. தொடக்கம் முதல் திருச்சபை அப்படித்தான் நம்பியது. சண்டை வேறு இடத்தில்: கிறிஸ்துவால் மீட்கப்பட, கிறிஸ்துவின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமா? இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ அறிஞர், 'வாக்கு' (லோகோஸ், அதாவது கிறிஸ்து) காட்டியபடி வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர்கள் சாக்ரடீசும் ஹெராக்ளிட்டசும் கிறிஸ்தவர்களே என்று எழுதிவிட்டார். அவர் பின்னால் கிறிஸ்துவுக்காகத் தலையைக் கொடுத்தவர். விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு வாக்கியத்தைக் கையில் எடுக்கும் முன் அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று பாருங்கள். இதை இன்று இன்னும் பல முறை சொல்லப்போகிறேன்.

திருச்சி வாசகர்: "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்று முதலில் சொன்னது எந்தத் திருத்தந்தை?

திருத்தந்தை இல்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான். 256-ஐ ஒட்டி எழுதிய ஒரு கடிதத்தில் வருகிறது. நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

250-இல் பேரரசர் டீசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கொடுமை ஓய்ந்தபின் இவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்று பெரும் பிளவு. சேர்க்கவே கூடாது என்று உரோமையில் நொவேஷியன் தனிச் சபை கண்டார். அப்படிப் பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா? செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்று வாதாடும்போதுதான் சிப்ரியான் அந்த வாக்கியத்தை எழுதினார். அவர் கண்முன் நின்றவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்று, சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவர்கள். கோயிலுக்குப் பலிகொடுக்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தில் பேச்சுக்குள்ளேயே வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் சிப்ரியான் தோற்றார். பிரிந்தவர்கள் கொடுத்தாலும் திருமுழுக்கு செல்லும் என்ற உரோமை ஆயர் ஸ்தேவானின் நிலைதான் பிற்காலத்தில் நிலைத்தது. வாதம் தோற்றது, வாதத்தில் வந்த வாக்கியம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிறகு பேரரசே கிறிஸ்தவமானது. வெளியே நிற்பவர் என்றால் யூதர், பிற சமயத்தார் என்று பொருள் மாறியது. 1302-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ், திருத்தந்தைக்குக் கீழ்ப்படிவது மீட்புக்கு இன்றியமையாதது என்றார். அதன் பின்னணி பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்புடன் நடந்த அதிகாரச் சண்டை. 1442-இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் பிற சமயத்தார், யூதர், தப்பறையாளர், பிரிவினையாளர் என்று பெயர் பெயராகச் சொல்லி, எல்லாரும் அணையா நெருப்புக்குப் போவார்கள் என்றது. உலகம் முழுவதும் நற்செய்தியைக் கேட்டுவிட்டது, மறுப்பவர் வேண்டுமென்றே மறுக்கிறார் என்ற கணக்கில் சொன்னது அது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்துக் கொலம்பஸ் கரையேறினார். கிறிஸ்து என்ற பெயரையே கேட்டிராத மக்கள் ஒரு கண்டம் முழுக்க இருந்தார்கள். அந்தக் கணக்கு அங்கேயே உதைத்தது.

காந்தி மோட்சத்துக்குப் போயிருப்பாரா? (ஆறு பேர்)

பட்டியல் இல்லை என்றேன்.

புத்தர்?

மேற்படி.

தூத்துக்குடி வாசகர்: நாங்கள் சவேரியார் காலத்துக் கிறிஸ்தவர்கள். அவருக்கு முந்திய எங்கள் முன்னோர் எங்கே?

இதே கேள்வியைச் சவேரியாரிடமே கேட்டிருக்கிறார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1549-இல் ஜப்பான் போனார். அங்கே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், இறந்துபோன தாய் தந்தையரை நரகத்திலிருந்து கடவுள் விடுவிக்க மாட்டாரா என்று கேட்டு அழுததை 1552-இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வழியில்லை என்பதே அவர் கொடுத்த பதில். ஆனால் தமக்கு இத்தனை பிரியமானவர்கள் பரிகாரமில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கத் தமக்கும் வருத்தமாக இருக்கிறது என்று சேர்த்தே எழுதுகிறார். அந்த ஒரு வரிக்காகவே வகுப்பில் ஆண்டுதோறும் அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்வேன்.

இன்னொரு கதையும் உண்டு. ஃபிரீசிய (இன்றைய நெதர்லாந்துப் பகுதி) அரசன் ராட்போட் (719-இல் இறந்தவன்) திருமுழுக்குத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டான். மறு காலை வைக்கும் முன் ஆயரைப் பார்த்து, "என் முன்னோர் எங்கே இருக்கிறார்கள்?" என்றான். நரகத்தில் என்றார் ஆயர். காலை வெளியே எடுத்துவிட்டான். உம்முடைய ஏழைகள் சிலரோடு மோட்சத்தில் இருப்பதைவிட என் மக்களோடு அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று போய்விட்டானாம். புனிதர் வரலாறு ஒன்றில் வரும் கதை, நடந்ததா என்பது ஐயம். ஆனால் அதை எழுதிவைத்தவர் ஒரு துறவி. அவருக்கும் அந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது.

திருமுழுக்குப் பெறும் முன் இறந்த குழந்தை?

கேட்டவர் ஒரு தாய் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அகுஸ்தீன் மிக இலேசான தண்டனை என்றார். இடைக்காலத்தார் அதைத் துன்பமில்லாத 'லிம்போ' என்று தணித்தார்கள். 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அக்குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணம் உண்டு என்று வெளியிட்டது. உங்களிடம் வேறு விதமாகச் சொன்னவர் ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய வழக்கில் ஒரு தரப்பை மட்டும் படித்தவர். அவர் பேச்சை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னை வாசகர்: கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கொள்கையை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் கைவிட்டுவிட்டதுதானே?

இல்லை. அதற்கு முன்பே பொருள் விரிந்துவிட்டது. தன் குற்றமில்லாமல் அறியாதிருப்பவர் அழிவதில்லை என்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 1863-இலேயே சொன்னார். பாஸ்டன் நகர இயேசு சபைக் குரு லெனார்ட் ஃபீனி, கத்தோலிக்கர் தவிர ஒருவருக்கும் மீட்பில்லை என்று விடாப்பிடியாகப் போதித்தார். அந்த வாக்கியத்தை அப்படிப் புரிந்துகொள்ளக் கூடாது என்று 1949-இல் உரோமை எழுதியது. விளக்கம் தர உரோமைக்கு அழைத்தார்கள், அவர் போகவில்லை. 1953-இல் அவரையே திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார்கள். வெளியே மீட்பில்லை என்றவர் வெளியே நின்றார்! 1972-இல் ஒப்புரவாக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். 1964-இல் சங்கம் சொன்னது, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி நடப்பவர் மீட்படைய முடியும் என்று. அவர்களை மீட்பதும் கிறிஸ்துதான் என்பதை அது விட்டுவிடவில்லை. 2000-இல் உரோமை அதை இன்னொரு முறை அழுத்திச் சொன்னது.

மயிலாடுதுறை வாசகர்: நான் சைவன். உங்கள் இறையியலாளர் கார்ல் ரானர் என்னைப் 'பெயரில்லாக் கிறிஸ்தவன்' என்கிறாராம். என்னைக் கேட்காமல் எனக்குப் பெயர் வைக்க அவர் யார்?

உங்கள் கோபம் நியாயம். கிறிஸ்துவை அறியாமலே அவருடைய அருளில் வாழ்பவர் என்பதே ரானர் அந்தப் பெயருக்குக் கொடுத்த பொருள். ஹான்ஸ் கியூங் போன்ற கத்தோலிக்கரே அதைக் கண்டித்தார்கள். ஆனால் ரானர் உங்களைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. வெளியே நிற்பவர் எல்லாம் நரகம் என்றிருந்த தம் சொந்தச் சபையாரைப் பார்த்துச் சொன்னார். யாரிடம் சொன்னது என்று பாருங்கள் (மூன்றாவது முறை). ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி அவரிடம், "உங்களை நான் பெயரில்லாச் சென் பௌத்தர் என்றால்?" என்று கேட்டார். உங்கள் பார்வையில் அப்படித்தான் சொல்ல வேண்டும், அதை எனக்குப் பெருமையாகவே கொள்வேன் என்றார் ரானர்.

மதுரை வாசகர் (குறுக்கிட்டு): மயிலாடுதுறைக்காரர் கோபப்பட என்ன இருக்கிறது? "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்று அவருடைய சிவஞான சித்தியாரும் அதையேதானே சொல்கிறது?

நானே சொல்ல நினைத்தேன், முந்திக்கொண்டீர்கள். அந்தச் சைவ நூலை எழுதிய அருணந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டு. நீ யாரைக் கும்பிட்டாலும் வருவது சிவன்தான் என்கிறார். ரானரின் கட்டுமானமும் ஏறக்குறைய இதுவே.

மயிலாடுதுறை வாசகர்: ஒன்றல்ல. சித்தியார் யாரையும் நெருப்பில் போடவில்லை. எல்லாரையும் படியில் நிறுத்துகிறது.

சரியான இடத்தில் தொட்டீர்கள். புறச்சமயம், அகச்சமயம் என்று படிப்படியாக ஏறி, பல பிறவிக்குப் பிறகு சைவத்துக்கு வருவது அந்த நூலின் கணக்கு. பிறவிகள் பல என்றால் காத்திருக்க நேரம் உண்டு. கிறிஸ்தவத்தில் ஒரே வாழ்வு, பிறகு தீர்ப்பு. அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே இத்தனை பதற்றமாக இருக்கிறது. ஆனால் உச்சிப் படியில் யார் நிற்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: அப்படியானால்...

இருவரும் ஒரு நாள் நேரில் சந்தித்துப் பேசலாம். மீதிக் கடிதங்கள் காத்திருக்கின்றன.

நாகர்கோவில் வாசகர்: சீர்திருத்தத் திருச்சபைகளில் இந்தச் சண்டை நடந்ததே இல்லை. அவர்களுக்கு வசனமே போதும்.

நடந்தது, அதுவும் தாம்பரத்தில். 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மாநாடு கூடியது. டச்சுக்காரரான ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மனிதச் சமயங்களுக்கும் நடுவே தொடர்ச்சியே இல்லை என்று வாதிட்டு ஒரு பெரிய நூலையே முன்வைத்தார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையாவும் சக்கரையும் எதிர்த்து நின்றார்கள். இந்து மரபில் பிறந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள் அவர்கள். தொடர்ச்சி இல்லை என்பது அவர்களுக்குச் சொந்த வாழ்க்கையையே நடுவில் வெட்டுவது போல. இன்னும் முன்னால் போனால், 1531-இல் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லி, மோட்சத்தில் சாக்ரடீசையும் ஹெர்குலிசையும் சந்திக்கலாம் என்று எழுதினார். அவர் இறந்தபின் லூத்தர் அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

என் மகள் ஓர் இந்துப் பையனை மணக்க விரும்புகிறாள். தேவாலயத்தில் திருமணம் நடக்குமா?

அது திருச்சபைச் சட்டம், என் துறை வேறு. உங்கள் பங்குத்தந்தையைப் பாருங்கள்.

யோவான் 14:6-க்கு என்ன பதில்? (ஒன்பது பேர்)

முதல் பதிலைப் படிக்கவும். படித்துவிட்டு மறுபடி கேட்கிறவர்கள், தோமாவின் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.

கோவை வாசகர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எதை நம்புகிறீர்கள்?

கிறிஸ்துவால்தான் மீட்பு என்று நம்புகிறேன். யாரை எந்த வழியாக அழைத்து வருவார் என்பதில் அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. என் அம்மாவின் அம்மா திருமுழுக்குப் பெறாமலே இறந்தார். தாத்தா மட்டும் கடைசி ஆண்டில் பெற்றுக்கொண்டார். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பாட்டிக்குக் கல்லறை இல்லை, சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று. அதனால் அதே கல்லறையில் இரண்டாவதாக ஒன்றை ஏற்றிவைக்கிறேன். ஒரு முறை பங்குத்தந்தை அது யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். காற்றில் அணைந்திருந்ததை அவரே குனிந்து மறுபடி பற்றவைத்துவிட்டுப் போனார்.

அப்படியானால் யோவான் 14:6...

முதல் பதில்.