லிஃப்டில் கார், அடியில் ஆள்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் கார் பட்டறைகளில் பயன்படும் லிஃப்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் எல்லோரையும் வட்டாரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

டூ போஸ்ட் (இரண்டு தூண்) லிஃப்டில் காரை ஏற்றியதும் எங்கள் ஃபோர்மேன் பட்டனை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறார். வேறு பட்டறையிலிருந்து வந்த அண்ணன் ஒருவர், “இறக்கி லாக்கில் உட்கார வை” என்கிறார். ஏறும்போதே டக் டக் என்று லாக் விழும் சத்தம் கேட்கிறதே, அது போதாதா?
*காக்கி புக்கிட்*

போதாது. அண்ணன் சொல்வதுதான் சரி.

அந்தச் சத்தம், லாக்கின் நாக்கு ஒவ்வொரு படியாகத் தாண்டிப் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நீங்கள் பட்டனை விடும் நேரத்தில் கார் பெரும்பாலும் இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கும். அப்போது முழு எடையும் ஹைட்ராலிக் எண்ணெயின் மேல். சிலிண்டர் சீல் தேய்ந்திருந்தால் மெல்ல இறங்கும். ஹோஸ் வெடித்தால் அடுத்த படி வரை சட்டென்று விழும். சில சென்டிமீட்டர்தான் என்றாலும், இரண்டு டன் எடை அப்படிக் குலுங்கி நின்றால், லிஃப்ட் கைகளின் முனையில் காரைத் தாங்கும் பேடிலிருந்து நழுவ அதுவே போதும்.

செய்ய வேண்டியது இது: வேண்டிய உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். இறக்கும் லிவரை அழுத்தி, இரண்டு தூணிலும் வண்டி லாக்கில் அமர்ந்து நிற்கும் வரை விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியா என்று கண்ணால் பாருங்கள். நின்றபின்னும் லிவரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், செயின் தொய்ந்துவிடும். இதற்கெல்லாம் அரை நிமிடம்கூட ஆகாது.

இறக்கும்போது முதலில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மேலே ஏற்றினால்தான் லாக் விடுபடும். இரண்டு பக்க லாக்கையும் ஒரே கைப்பிடியில் இழுக்கும் லிஃப்ட் என்றால், இடையில் ஓடும் மெல்லிய கேபிள் நாளடைவில் நீண்டுபோகும். அப்போது ஒரு பக்கம் விடுபடும், மறுபக்கம் மாட்டிக்கொள்ளும். கார் சாயத் தொடங்கினால் உடனே நிறுத்தி, மறுபடி மேலே ஏற்றி, கேபிளைச் சரிசெய்த பிறகே இறக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று லாக்கை விரித்தே வைத்துக் கேபிள் டை போட்டுக் கட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிக் கட்டிய லிஃப்டுக்கு அடியில் யார் சொன்னாலும் போகாதீர்கள்.

நான்கு டன் லிஃப்ட். ஏற்றியது ஒரு டொயோட்டா ஹையேஸ் வேன், பின்னால் டைல்ஸ் பெட்டிகள் இருந்தன. மொத்தமே மூன்று டன்னுக்குக் கீழேதான். ஆனாலும் முன்பக்கம் பேடைவிட்டு எழும்பிவிட்டது. லிஃப்டில் கோளாறா?
*சின் மிங்*

லிஃப்டில் கோளாறு இல்லை, எடை இருந்த இடம்தான் கோளாறு.

நான்கு டன் என்பது நான்கு கைகளும் சேர்ந்து தாங்கும் அளவு. ஒரு கைக்கு ஒரு டன். அதைத் தாண்டினால் மொத்தக் கணக்கு குறைவாக இருந்தாலும் அது மிகைச்சுமைதான். உங்கள் வேனில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. வெறும் வேனின் எடைமையம் முன் பேடுக்கும் பின் பேடுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பின் கதவோரம் அடுக்கிய டைல்ஸ் அதைப் பின்னுக்கு இழுக்கும். எடைமையம் பின் பேடுகளைத் தாண்டிவிட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த லாக்காலும் பயனில்லை.

சரக்கை இறக்கிவிட்டு ஏற்றுங்கள். இறக்கவே முடியாது என்றால் அந்த வேலைக்கு, நான்கு சக்கரங்களோடும் வண்டியை மேடையில் தாங்கும் ஃபோர் போஸ்ட் லிஃப்ட்தான். கூரைமேல் ஏணி, உள்ளே இரும்பு ரேக், நிரம்பிய கருவிப்பெட்டி எல்லாமே சரக்குதான்.

எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பின் ஆக்ஸிலையோ கழற்றும்போது இதே கணக்கு தலைகீழாக வரும். எடை போன பக்கம் எழும்பும். ஆகவே கழற்றத் தொடங்கும் முன்பே, எடை மிஞ்சப்போகும் முனைக்கு அடியில் உயர ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள்.

ஏற்றும் முறையைப் பொறுத்தவரை முதல் பதினைந்து சென்டிமீட்டரில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. டயர் தரையைவிட்டு எழுந்ததும் நிறுத்துங்கள். நான்கு பேடும் தயாரிப்பாளர் காட்டிய இடத்தில் முழுதாகப் படிந்திருக்கிறதா, கைகளின் பூட்டுப் பற்கள் விழுந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பம்பர் பக்கம் நின்று வண்டியைக் கையால் அசையுங்கள். ஆடினால் இறக்கி, மறுபடி வையுங்கள். ஆளுயரத்துக்குப் போனபின் சந்தேகம் வந்து, பேடைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

மூன்றாம் மாடியில் யூனிட் எடுத்திருக்கிறோம். ஒருவர் பழைய டூ போஸ்ட் லிஃப்டை மலிவு விலைக்குத் தருகிறார், போல்ட்டோடு. நாங்களே துளைபோட்டுப் பொருத்திக்கொள்ளலாமா?
*உபி*

கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இங்கே மாடிப் பட்டறைகள் அதிகம், இதே கேள்வி வேறு சிலரிடமிருந்தும் வந்தது.

டூ போஸ்ட் லிஃப்டின் தூண் எடையைக் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை. கார் இரண்டு தூண்களுக்கும் நடுவில் தொங்குவதால் தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும். இரண்டு டன் கார் என்றால் ஒரு தூணுக்கு ஒரு டன், அதுவும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தள்ளி. அந்தச் சாய்வைத் தடுக்க அடித்தகட்டின் வெளியோரப் போல்ட்டுகளுக்குக் கிடைப்பது அதில் பாதித் தூரம்தான். ஆகவே அந்தப் போல்ட்டுகளை மேல்நோக்கி இழுக்கும் விசை, தூண் தாங்கும் எடையைவிட அதிகமாக இருக்கும். கான்கிரீட் மெல்லியதாகவோ விரிசலோடோ இருந்தால் போல்ட் கூம்பு வடிவில் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

தரைத்தளத்திலேயே பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 10 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனும், வார்த்து 28 நாள் ஆன கான்கிரீட்டும் கேட்கிறார்கள். மாடித் தளம் வேறு கதை. கீழே தாங்க மண் கிடையாது. தளத்துக்குள் முன்னிறுக்கிய எஃகுக் கம்பிகள் ஓடலாம். துளையிடும்போது அதில் ஒன்றை அறுத்துவிட்டால் சேதம் உங்கள் யூனிட்டோடு நிற்காது. கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியும், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கையில் வரும் வரை துளைக்கருவியை எடுக்காதீர்கள். அரசின் தொழிற்பேட்டைக் கழகமான ஜேடிசியின் கட்டடமானாலும் தனியார் கட்டடமானாலும் இதுதான் வழி.

போல்ட் பற்றி: பழைய விரிவுப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை விரிந்த கிளிப் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. புதிய போல்ட், கையேட்டில் சொன்ன ஆழம், துளையிலிருந்து தூசியை ஊதி எடுப்பது, டார்க் ரென்ச்சில் சொன்ன அளவு இறுக்குவது, இதில் எதையும் விட முடியாது. டார்க் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் இங்கே எண் தரவில்லை.

பழைய லிஃப்டை வாங்கியே தீருவது என்றால் பாருங்கள்: பெயர்ப்பலகையில் தாங்கும் எடை, வரிசை எண், தயாரித்த ஆண்டு தெரிகிறதா, கையேடு உண்டா, கைகளிலோ தூணிலோ வெல்டு போட்ட தடம் உண்டா. வெல்டுத் தடம் இருந்தால் பேரமே வேண்டாம். மோட்டாரையும் பாருங்கள். இங்கே ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட், மூன்று ஃபேஸ் 400 வோல்ட். வேறு நாட்டு மின்சாரத்துக்குச் செய்த மோட்டாராக இருந்தால் மலிவு விலை மோட்டார் மாற்றுவதிலேயே கரைந்துவிடும்.

தினமும் காலையில் லிஃப்டில் எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் மேற்பார்வையாளர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.
*பயனியர்*

வெறும் லிஃப்டை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்குங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறுகிறதா, லாக் சத்தம் இரு தூணிலும் ஒன்றாக விழுகிறதா என்று கேளுங்கள். சத்தம் முன்பின்னாக விழுந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே உயரத்தில் வைக்கும் சமன்படுத்தும் கேபிள் தளர்ந்திருக்கிறது. அந்தக் கேபிள் கப்பியில் வளையும் இடத்தில்தான் முதலில் இழை அறும். துணியால் துடைத்துப் பாருங்கள், வெறுங்கையால் தடவாதீர்கள், அறுந்த இழை கையில் ஏறும். தரையில் எண்ணெய்த் தடம், பேடு ரப்பரில் வெட்டு, அடித்தகட்டைச் சுற்றிப் புது விரிசல், கைகளைக் கையால் தள்ளும்போது பூட்டு நழுவுவது, இதில் ஒன்று இருந்தாலும் சுவிட்சைப் பூட்டி அட்டை மாட்டுங்கள்.

செயினைப் பொறுத்தவரை, தேய்ந்து நீள்வதற்குப் பொதுவான வரம்பு 3 விழுக்காடு. புதிதில் 300 மில்லிமீட்டர் இருந்த பகுதி 309 ஆனால் செயினை மாற்ற வேண்டும். உங்கள் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு.

மின்சாரக் கார்கள் நிறைய வருகின்றன. பழைய லிஃப்டிலேயே ஏற்றலாமா?
*அங் மோ கியோ*

எடை தாங்கினால் ஏற்றலாம். சிக்கல் பேடு வைக்கும் இடத்தில். 2024இல் சிங்கப்பூரில் அதிகம் விற்ற மின்சாரக் கார் பிராண்டு பிஒய்டிதான், ஆக இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவும் முடியாது. பேட்டரிப் பெட்டி இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். லிஃப்டின் கை நீளமாக உள்ளே போனால் பேடு சரியான இடத்தில் இருந்தாலும் கையின் முதுகு பெட்டியில் இடிக்கும். உயர அடாப்டர் போட்டு இடைவெளி கொடுக்க வேண்டும், தயாரிப்பாளர் தந்த அடாப்டரை மட்டும். மரக்கட்டை பிளக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ரப்பர் வழுக்கும். பெட்டியில் பள்ளம் விழுந்தால் வண்டி உடனே ஓடும், கோளாறு பிறகு தெரியவரும்.

பேட்டரியைக் கழற்றினால் பல நூறு கிலோ ஒரே மூச்சில் போய்விடும். அடியில் பேட்டரி மேசையைக் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். கழன்றபின் கார் பேடில் எப்படி நிற்கிறது என்று மறுபடி பார்த்துவிட்டே அடியில் போக வேண்டும்.

பக்கவாட்டில் பிளாஸ்டிக் சைடு ஸ்கர்ட் பொருத்திய கார்களில் ஜாக் புள்ளியே (பேடு வைக்கும் இடம்) தெரிவதில்லை. சுமாராக வைக்கலாமா?
*புக்கிட் பாத்தோக்*

வேண்டாம். ஸ்கர்ட்டுக்கு மேல் பேடு வைத்தால் பிளாஸ்டிக் உடைந்து கார் ஓரிரு சென்டிமீட்டர் சரியும். அடியில் படுத்துப் பார்த்தால் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு வெட்டுக்குறிகள் தெரியும், அவற்றுக்கு நடுவில்தான் புள்ளி. குளிர்நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவதால் சட்டம் துருப்பிடித்து பேடு உள்ளே புகுந்துவிடும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய வண்டிகளில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் அங்கே பட்டி பூசியிருக்கலாம்.

கார் நழுவத் தொடங்கினால் என்ன செய்வது?
*உட்லண்ட்ஸ்*

விடுங்கள், ஓடுங்கள். பிடிக்கப் பார்ப்பவர்தான் அடிபடுகிறார். சாய்கிற பக்கத்தைவிட்டு விலகி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்காத திசையில் போங்கள். அதற்காகத்தான் கருவி வண்டி, எண்ணெய்த் தொட்டி, கழற்றிய டயர் எதையும் வெளியேறும் வழியில் வைக்கக் கூடாது என்கிறோம். பாதி சாய்ந்து நின்றுவிட்டாலும் லிவரைத் தொடாதீர்கள். சுற்றிலும் ஆட்களை விலக்கிவிட்டு, லிஃப்ட் பழுதுபார்ப்பவரை வரவழையுங்கள். அடியில் ஆள் மாட்டியிருந்தால் முதல் வேலை அவசர உதவி எண் 995ஐ அழைப்பது.

என் காரைத்தானே பார்க்கிறேன், அடியில் வந்து நிற்கக் கூடாது என்கிறார்கள். ஏன்?
*தோ பாயோ*

அவர்கள் செய்வது சரி. உங்களிடம் பாதுகாப்புக் காலணி இல்லை, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் தெரியாது. போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சிசர் லிஃப்ட் (கத்தரிக்கோல்போல் மடங்கி இறங்குவது) இறங்கும்போது என் தம்பியின் கால்விரல் நசுங்கிவிட்டது. மருத்துவர் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தார். “மூன்று நாளுக்கு உள்ளே என்றால் ரிப்போர்ட் வேண்டாம்” என்கிறார் முதலாளி. உண்மையா?
*ஜூரோங்*

முன்பு அப்படி இருந்தது, இப்போது இல்லை. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், இலகு வேலை மட்டும் பார்க்கச் சொன்னாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து 10 நாள் அவகாசம்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். மருத்துவச் செலவு சட்ட வரம்பு வரை முதலாளியைச் சேர்ந்தது. வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரையும் முழுச் சம்பளம் உண்டு. இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். எம்சி தாள், காயத்தின் படம், லிஃப்டின் படம், அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றைத் தம்பி இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். முதலாளி மறுத்தால் தம்பியே அமைச்சிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் உதவி கேட்கலாம்.

விபத்துக்குப் பிறகு பட்டறையின் அபாய மதிப்பீட்டை முதலாளி மறுபடி பார்த்தாக வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால்கூட மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது கட்டாயம். சிசர் லிஃப்டில் கால் நசுங்குவது பெரும்பாலும் கடைசி ஒரு சாணில், இறக்குபவரின் கண் காரில் இருக்கும்போது நடப்பது. விரல்தடுப்புப் பட்டை பொருத்துவது, கடைசி இறக்கத்துக்குமுன் தானாக நின்று ஒலி எழுப்பும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது, தரையில் மஞ்சள் கோடு போடுவது ஆகிய மூன்றையும் அந்த மதிப்பீட்டில் எழுதச் சொல்லித் தம்பி கேட்கலாம்.