கோப்பு எங்கே, யார் பெயரில் போகிறது? வாசகர் கேள்வி-பதில்

தானியங்கிக் கோப்புப் பரிமாற்ற மென்பொருள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கோப்பை அனுப்பும் பக்கத்தைப் பற்றியவை அல்ல. அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றியவை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல், காலணி நிறுவனங்களிலிருந்தும் வேலூர் நகரத்து ஸ்கேன் மையம் ஒன்றிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் வந்தவற்றைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். பலரும் சேருமிடத்தை ஒரு முகவரியாக மட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்த முகவரிக்கு எந்தக் கணக்கு போகிறது, அங்கே என்ன விதி நடக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

கேள்வி (ஆம்பூர், காலணி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு): பகலில் நானே பொத்தானை அழுத்தினால் விலைப்பட்டியல் கோப்பு இசட் டிரைவில் சரியாக விழுகிறது. இரவு 11 மணிக்கு அதே வேலை தானாக ஓடும்போது "பாதை காணப்படவில்லை" என்ற பிழை வருகிறது. அமைப்பில் எதையும் மாற்றவில்லை. காரணம் என்ன?

பதில்: இசட் டிரைவ் உங்கள் கணினிக்குச் சொந்தமானது அன்று, நீங்கள் உள்நுழைந்த அமர்வுக்குச் சொந்தமானது. விண்டோஸில் ஒரு நெட்வொர்க் கோப்புறைக்கு டிரைவ் எழுத்தைப் பொருத்தினால், அந்தப் பொருத்தம் பொருத்திய பயனரின் அமர்வோடு நின்றுவிடும். உங்கள் மென்பொருள் இரவில் ஒரு சர்வீஸாக (யாரும் உள்நுழையாதபோதும் பின்னணியில் ஓடும் நிரலாக), அநேகமாக விண்டோஸின் லோக்கல் சிஸ்டம் என்னும் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்கு இசட் என்ற எழுத்தைக் கண்டதே இல்லை.

ஆகவே சேருமிடப் பெட்டியில் டிரைவ் எழுத்தை நீக்கிவிட்டு, \\கணக்குசர்வர்\வெளியீடு என்பதுபோல இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையை எழுதுங்கள். இதோடு பாதி வேலைதான் முடிந்தது. லோக்கல் சிஸ்டம் கணக்கு நெட்வொர்க்குக்குள் போகும்போது கணினியின் பெயரிலேயே போகிறது. டொமைன் (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) உள்ள அலுவலகத்தில் அந்தக் கணினிக்கே அனுமதி தரலாம், வொர்க்குரூப்பாக, அதாவது ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்துக்கொண்டு இயங்கும் சிறிய அலுவலகத்தில் அதற்கு வழியில்லை. பரிமாற்றத்துக்கென்றே தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் இரண்டு கணினிகளிலும் வைத்து, சர்வீஸை அந்தக் கணக்கில் ஓட விடுவதே வொர்க்குரூப்புக்குப் பொருந்தும் வழி. அனுமதியை இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்: ஷேரின் (நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையின்) அனுமதி ஒன்று, அதே கோப்புறைக்கு வட்டில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) அனுமதி மற்றொன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். கோப்புறையில் முழு உரிமை கொடுத்துவிட்டு ஷேரில் படிக்க மட்டும் அனுமதித்திருந்தால் எழுத முடியாது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸின் இயல்பான அமைப்பில் உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல் 42 நாட்களில் காலாவதியாகும். இந்தக் கணக்கில் யாரும் திரை முன் உட்காருவதில்லை என்பதால் எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. ஆறு வாரம் ஒழுங்காக ஓடிய வேலை ஒருநாள் இரவு நின்றுவிடும். கடவுச்சொல் காலாவதியாகாது என்ற குறியை இந்தக் கணக்குக்கு மட்டும் இட்டு, கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள். முடித்தபின் பகலில் கையால் இயக்கிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். கால அட்டவணையிலேயே ஐந்து நிமிடம் தள்ளி நேரம் குறித்து, கணினியிலிருந்து வெளியேறிவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் ஏற்றுமதி நிறுவனம்): வெளிநாட்டு வாங்குநரின் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை) சர்வருக்குப் பேக்கிங் பட்டியலை அனுப்புகிறோம். பட்டியல் பாதியில் முடிந்திருப்பதாக அவர்கள் வாரம் ஒருமுறையாவது எழுதுகிறார்கள். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பரிமாற்றமும் வெற்றி என்றே இருக்கிறது.

பதில்: இரு தரப்பும் உண்மையே சொல்கிறீர்கள். அவர்களுடைய நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தக் கோப்புறையை எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வந்துவிட்டால், அதுவரை ஏறிய பகுதியே அதன் கைக்குக் கிடைக்கும். இணைப்பு மந்தமான நாளில் ஏறும் நேரம் நீளும். சந்திப்பு நேர்வதற்கான வாய்ப்பும் கூடும்.

சேருமிட அமைப்பில் "தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் பெயர் மாற்று" என்னும் பொருளில் ஒரு தேர்வு இருக்கும்; அதை இயக்குங்கள். பெயர் மாற்றம் ஒரே கணத்தில் நடப்பது, எனவே முழுக் கோப்புதான் இறுதிப் பெயரில் கண்ணில் படும். ஆனால் மூன்று இடங்களில் இது சறுக்கக்கூடும். தற்காலிகக் கோப்பை வேறு கோப்புறையில் வைப்பதானால், அதுவும் இறுதிக் கோப்புறையும் ஒரே கோப்பு முறைமையில் இருக்க வேண்டும். வெவ்வேறு வட்டுகளானால் பெயர் மாற்றம் தோல்வியுறும், அல்லது மறைமுகமாக நகலெடுப்பாக மாறிப் பழைய சிக்கலையே கொண்டுவரும். இரண்டாவதாக, வாங்குநரின் நிரல் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் எடுப்பதாக இருந்தால் தற்காலிகப் பெயரையும் சேர்த்தே எடுக்கும். எந்தப் பின்னொட்டு (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) உள்ள கோப்புகளை அவர்களுடைய நிரல் எடுக்காமல் விடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, பலரும் தடுமாறுவது: அதே பெயரில் நேற்றைய கோப்பு அங்கே இருந்தால், எஸ்எஃப்டிபியின் பரவலாகப் பயன்படும் 3ஆம் பதிப்பில் பெயர் மாற்றும் கட்டளை தோல்வியடையும். ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் சர்வர் மென்பொருளில், பழையதன் மேலேயே பெயர் மாற்றுவதற்கெனத் தனி நீட்டிப்பு உண்டு. மற்ற இடங்களில் பழையதை முதலில் அழிக்க வேண்டும், அல்லது பெயரிலேயே தேதியும் நேரமும் சேர்த்து மோதலைத் தவிர்க்க வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புவேன். அழிக்கும் உரிமையைப் பிறர் சர்வரில் கேட்டுப் பெறுவது தேவையற்ற பொறுப்பு.

நீங்கள் வின்எஸ்சிபி என்னும் பரிமாற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் இயல்பான அமைப்பில் 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகள் மட்டுமே தற்காலிகப் பெயரில் ஏறும். சிறியவை நேராக இறுதிப் பெயரிலேயே ஏறும். பாதியில் அறுந்தவை எல்லாம் சிறிய பட்டியல்களாக இருந்தால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். எல்லாக் கோப்புக்கும் என்று மாற்றிவிடுங்கள். வாங்குநர் பெயர் மாற்றும் உரிமையே தரவில்லை என்றால், பட்டியல் ஏறி முடிந்தபின் அதே பெயரில் வேறு பின்னொட்டோடு ஒரு வெற்றுக் கோப்பை அனுப்பி, அதைக் கண்டபின்பே பட்டியலை எடுக்கும்படி அவர்களிடம் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

கேள்வி (வேலூர், ஸ்கேன் மையம்): அறிக்கைகள் தேதிவாரியான கோப்புறைகளுக்குப் போகுமாறு அமைத்திருக்கிறோம். விடியற்காலையில் எடுத்தவை முந்தைய நாளின் கோப்புறையில் கிடக்கின்றன.

பதில்: உங்கள் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். கோப்புறைப் பெயரை உருவாக்கும் இடத்தில் நேர மண்டலத்தைக் குறிப்பிட இடமிருந்தால் ஆசியா/கொல்கத்தா என்று இடுங்கள். சர்வர் கடிகாரத்தை மாற்றாதீர்கள், அதை நம்பி வேறு வேலைகளும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் தேதி வடிவத்தையும் பார்த்தேன். பல மென்பொருள்களில் பெரிய எம் இரண்டு இட்டால் மாதம், சிறிய எம் இரண்டு இட்டால் நிமிடம். மாதம் வரவேண்டிய இடத்தில் நீங்கள் சிறியதை இட்டிருக்கிறீர்கள். 47ஆம் மாதம் என்றொரு கோப்புறை உருவானது அதனால்தான்.

கேள்வி (குடியாத்தம், கைலி மொத்த வியாபாரம்): ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக் கோப்புகளை அனுப்புகிறோம். விண்டோஸில் இருக்கும் சில நீண்ட பெயர்களை லினக்ஸ் சர்வர் ஏற்கவில்லை. மேலும் "சோளிங்கர்" என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அங்கே இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

பதில்: இரண்டுமே நல்ல கேள்விகள்; தமிழில் பெயர் வைப்பதைக் கைவிடச் சொல்லும் ஆலோசனையை நான் தரப்போவதில்லை. முதலாவது, அளவுகோல் வேறுபாடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீட்டு அலகுகளை (ஒரு தமிழ்க் குறியீடு ஓர் அலகு) அனுமதிக்கிறது. லினக்ஸில் பொதுவாக உள்ள எக்ஸ்ட்4 முறைமை 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. அங்கே எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. "குடியாத்தம்" கண்ணுக்கு ஆறு எழுத்து. துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் உள்ளே 11 குறியீடு, 33 பைட்டு. ஆக லினக்ஸில் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 85 குறியீடுகள்தான். அதிலும் பின்னொட்டும் தேதியும் பங்கு கேட்கும்.

இரண்டாவது, யுனிகோடில் உள்ள ஒரு வசதியால் வந்த தொல்லை. ஒகர, ஓகார, ஔகாரத் துணைக்குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் போல இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் "சோ" ஒன்றேதான். லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் அதற்கு இவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்தது. உங்கள் வடிவமைப்பாளரிடம் அப்படியொரு கணினி இருந்தால் அங்கிருந்து தொடங்கித் தேடுங்கள். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் ஆகியவற்றில் இந்த மூன்று குறிகளும் இல்லை என்பதால் அவை தப்பித்துக்கொண்டன. சேருமிடப் பெயரை எழுதுவதற்கு முன் யுனிகோடின் என்எஃப்சி என்னும் ஒன்றிணைந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு படியைப் பணியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (காட்பாடி): புதிய எஸ்எஃப்டிபி சேருமிடத்தில் உள்நுழைய முடிகிறது, ஆனால் எதை ஏற்றினாலும் "அனுமதி மறுப்பு". பாதை ஒற்றைச் சாய்கோடு மட்டுமே.

பதில்: அந்த ஒற்றைச் சாய்கோடுதான் காரணம். ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் பயனரை ஒரு கோப்புறைக்குள் அடைத்து வைக்கும்போது, அந்த மேல் கோப்புறை ரூட் என்னும் முதன்மை நிர்வாகக் கணக்குக்குச் சொந்தமாகவும் பிறர் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பாதுகாப்பு விதி. சர்வர் நிர்வாகி உங்களுக்கென உள்ளே ஒரு துணைக் கோப்புறை வைத்திருப்பார். பாதையில் அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு லினக்ஸில் கணக்கில் வரும்.

கேள்வி (வாலாஜாபேட்டை): வெளி ஹார்ட் டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருந்தும், பெரிய காப்புக் கோப்பு "இடமில்லை" என்று நின்றுவிடுகிறது.

பதில்: அந்த வட்டு ஃபேட்32 முறைமையில் இருக்கும், அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளிருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி (ஆற்காடு, அச்சகம்): சேருமிடத்தை மூலத்தின் அச்சு அசலாக வைத்திருக்க "மிரர்" முறையைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: நான் தயங்குவேன். மிரர் முறையில் மூலத்தில் இல்லாத எதுவும் சேருமிடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியின் மிரர் தேர்வும் ஆர்சிங்க் மென்பொருளின் டிலீட் தேர்வும் அப்படியே நடந்துகொள்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், நான் பராமரித்த ஓர் அலுவலகத்தில் கோடைக்காலத்து மின்வெட்டு ஒன்றுக்குப் பிறகு லினக்ஸ் சர்வர் தானாக எழுந்தது, மூல வட்டு மட்டும் இணைப்புக்கு வரவில்லை. வட்டு பொருந்தியிருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறை இருந்தது. மென்பொருள் அதை "மூலம் காலி" என்று படித்து, சேருமிடத்தையும் விசுவாசமாகக் காலி செய்தது. பதிவேட்டில் வெற்றி என்றே எழுதியிருந்தது. அந்தத் தேர்வை அங்கே இட்டவன் நானே.

வடிவமைப்புக் கோப்புகளுக்குச் சாதாரண நகலெடுப்பே போதும். பழையவை சேர்ந்து இடம் நிரம்பினால் மாதம் ஒருமுறை பார்த்துக் கையால் நீக்கலாம். மிரர் கட்டாயம் என்றால், மூல வட்டின் உள்ளே அடையாளக் கோப்பு ஒன்றை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டுமே பணி தொடங்கும்படி நிபந்தனை இடுங்கள். ஆர்சிங்க்கில் ஒரு முறை ஓடும்போது அதிகபட்சம் இத்தனை கோப்புகளைத்தான் அழிக்கலாம் என்று வரம்பு வைக்கும் தேர்வும் உண்டு. 50 என்று வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி (மீண்டும் ராணிப்பேட்டை): சேருமிட சர்வரின் "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்று மென்பொருள் நின்றுவிட்டது. சர்வரின் அடையாளச் சாவியைப் பார்க்கும் இந்தச் சோதனையையே அணைத்துவிடும்படி ஒருவர் சொன்னார்.

பதில்: அணைக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பது நீங்கள் முன்பு பேசிய அதே சர்வர்தானா என்பதை அறிய மென்பொருளுக்கு இருக்கும் வழி அந்தச் சாவி ஒன்றுதான். அவர்கள் சர்வரை மாற்றியிருந்தாலும் சாவி மாறும், இடையில் யாரேனும் புகுந்திருந்தாலும் மாறும். உங்கள் திரையில் இரண்டும் ஒரே செய்தியாகத்தான் தெரியும். ஒப்பந்தத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவை அழைத்து, புதிய சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கமான எழுத்து வரிசையை) அவர்கள் வாயால் படிக்கச் சொல்லி, திரையில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபின் ஏற்றுக்கொள்ளுங்கள். அதே நாளில் மின்னஞ்சலில் வந்த எண்ணை அழைக்க வேண்டாம்.