வேட்டியில் ஒட்டிய காட்டுப் புல்

கேள்வி: அஞ்செட்டி அருகே ஓர் ஓடைக்கரையில், நீர்மருது மரங்களின் அடர்ந்த நிழலில், தரையோடு படர்ந்த ஒரு புல்லைக் கார்த்திகை மாதத்தில் கண்டேன். இலை மூங்கில் இலையைப் போல அகன்று, அலையலையாக நெளிந்திருந்தது. வீடு திரும்பியபோது வேட்டியின் ஓரமெங்கும் அதன் விதைகள் பசையோடு ஒட்டியிருந்தன. எங்கள் மானாவாரி மேட்டில் இதைப் பார்த்ததே இல்லை. இது மூங்கில் கன்றா?

— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மூங்கில் கன்று அன்று. தாங்கள் விவரித்திருப்பது ஒப்லிஸ்மெனஸ் காம்போசிட்டஸ் என்னும் காட்டுப் புல்லுக்குப் பொருந்துகிறது; வேட்டியில் ஒட்டிய பசையே இதற்கு முதன்மைச் சான்று. இதன் சிறுகதிர்களில் (கதிரில் விதையைத் தாங்கும் சிறு அலகுகளில்) நெல்லின் வாலைப் போன்ற கூர் நீட்சிகள் உண்டு. விதை முற்றும் பருவத்தில் அவை பிசுபிசுப்பாகி, அவ்வழியே செல்லும் விலங்கின் மயிரிலும் மனிதரின் உடையிலும் ஒட்டிக்கொள்ள, சிறுகதிர் முழுதாகக் கழன்று வேறிடம் சேர்கிறது. மேட்டு நிலத்து ஊசிப்புல்லும் துணியில் ஏறும். ஆனால் அது குத்தித் துளைத்து ஏறுவது.

மூங்கில் இலை, தண்டைத் தழுவும் உறையோடு சேரும் இடத்தில் காம்பு போலக் குறுகியிருக்கும். இப்புல்லில் அந்தக் காம்பு இல்லை. படர்ந்த தண்டை மெல்லத் தூக்கினால், தரையைத் தொட்ட கணுக்களில் வேர் இறங்கியிருப்பதைக் காணலாம். இதன் நெருங்கிய உறவான ஒப்லிஸ்மெனஸ் பர்மானியும் நிழலில் வளர்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அதன் கதிர்க்கிளைகள் குட்டையானவை. சிறுகதிர்கள் நெருங்கி அமைந்தவை. கூர் நீட்சியோ பசையின்றிச் சொரசொரப்பாக இருக்கும். விரலால் நீவிப் பார்த்தாலே வேறுபாடு புரியும்.

தங்கள் மேட்டில் இது இல்லாததன் காரணம் முக்கியமானது. ஊசிப்புல், கேழ்வரகு, சோளம் ஆகியவை கடும் வெயிலுக்கு ஏற்ற சி-4 ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டவை. இந்தப் புல்லோ நெல்லைப் போல சி-3 முறையைச் சேர்ந்தது; அகன்று மெலிந்த இதன் இலைகள் மரங்களினூடே கசியும் குறைந்த ஒளியைச் சேகரிப்பதற்கு உரியவை. ஈரமான மலைக்காடுகளில் இது பரவலாக வளரும். அஞ்செட்டிப் பகுதியின் மேலகிரி மலைகளிலுள்ள இலையுதிர் காடுகளிலோ கோடையில் வெயில் தரைவரை இறங்கிவிடுவதால், ஓடையோரத்து ஈரமும் நிழலுமே இதற்குப் புகலிடம். அந்த நீர்மருதுகளை வெட்டினால் இப்புல்லும் அங்கே நிலைக்காது என்றே நான் கருதுகிறேன்.

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. தாங்கள் கண்ட இடம் அதன் எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதால் செடியைப் பறிக்க வேண்டாம். கதிரின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இலையின் அடிப்பகுதியையும் தனியே படம்பிடித்து அனுப்புங்கள். இலை விளிம்பு கடிக்கப்பட்டிருந்தால் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். அந்தியில் பறக்கும் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பச்சைப் புழு இப்புல்லைத் தின்று வளர்வதுண்டு.