கோபம் கூடிவிட்டதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களாக விபஸ்ஸனா என்ற பௌத்த தியானம் பழகி வருகிறேன். மூச்சை மூக்கு நுனியில் கவனிப்பதா, வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதா என்ற குழப்பம் தீரவில்லை. நான் மதம் மாறிவிடுவேனோ என்று அம்மா பயப்படுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்காரத் தொடங்கிய பிறகு எனக்குக் கோபம் கூடிவிட்டது. மேலாளரின் குரலைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. மனம் அமைதியாகத்தானே தியானம்? பத்து நாள் முகாமுக்குப் போனால் சரியாகுமா?

ப., கோலாலம்பூர்

அன்புள்ள ப.,

முதல் கேள்வியில் அதிகம் நிற்கப்போவதில்லை. வயிற்றைக் கவனிப்பது பர்மியத் துறவி மகாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறை. மூக்கின் வாசலில் மூச்சைக் கவனித்துப் பழகிய பின் உடல் முழுவதும் உணர்வுகளைப் பார்த்துச் செல்வது, ஊ பா கின்னிடம் பயின்ற கோயங்கா கற்பித்த முறை. இரண்டும் பர்மாவிலிருந்து வந்தவை. விழிப்போடு கவனிப்பதைப் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சுத்தமே (சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை) இரண்டுக்கும் ஆதாரம். ஒன்றை எடுத்துக்கொண்டு ஓராண்டாவது அதில் நில்லுங்கள். காலையில் மூக்கு, மாலையில் வயிறு, இரவில் யூடியூபில் இன்னொரு குரு என்று அலைவது, தியானத்துக்குப் புத்தர் சொன்ன ஐந்து தடைகளில் கடைசியான சந்தேகத்துக்குத் தீனி போடுவதாகும்.

கோபத்தைப் பற்றிய கேள்விதான் என்னை எழுத வைத்தது. தியானத்தை மன அழுத்த நிவாரணியாக விற்கும் பழக்கம் நம் அலுவலகங்கள்வரை வந்துவிட்டதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். “முகாமிலிருந்து வந்து நாலு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி” என்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த சுகம் போய்விட்டதைப் போலக் குறைப்பட்டுக்கொள்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அமைதி வந்தால் வரட்டும். ஆனால் சதிபட்டான சுத்தத்தில் கோபத்தைப் பற்றி வரும் பகுதியைப் படித்துப் பாருங்கள். கோபம் உள்ளே இருக்கும்போது இருக்கிறது என்றும், இல்லாதபோது இல்லை என்றும், எழாதது எப்படி எழுகிறது, எழுந்தது எப்படி நீங்குகிறது, நீங்கியது எப்படி மீண்டும் எழாமல் போகிறது என்றும் அறியச் சொல்கிறது அது. கோபம் இருப்பதைக் கண்டு வெட்கப்படச் சொல்லும் வரி அங்கே கிடையாது.

இங்கே நான் சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில், மேலாளரைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அவர் என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார், நீங்கள் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரல் காதில் விழுந்த கணத்தில் உங்கள் உடலில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம் நீங்கள் கவனித்தது மேலாளரைத்தான். தொடுகையிலிருந்து வேதனை, வேதனையிலிருந்து வேட்கை என்பது பௌத்தம் காட்டும் வரிசை. வேதனை என்று அங்கே குறிப்பது இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்ற மூன்று வகை நுகர்ச்சியை. குரல் காதில் படுகிறது. துன்ப நுகர்ச்சி எழுகிறது. அதைத் தள்ளிவிட மனம் துடிக்கிறது. அதன் பிறகே “இந்த ஆள் எப்போதும் இப்படித்தான்” என்ற கதை தொடங்குகிறது. கதை தொடங்கிய பின் விழித்துக்கொள்பவருக்குக் கோபத்தின் வால்தான் கையில் கிடைக்கும்.

பினாங்கில், மகாசி மரபைப் பின்பற்றும் மலேசிய பௌத்த தியான மையத்தில், பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி என்னோடு தங்கியிருந்தார். நிலத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட தம்பியின் முகமே நாள் முழுவதும் கண்முன் வருகிறது என்று பிக்குவிடம் அரைகுறை மலாயில் முறையிட்டார். நிலம் எங்கே, தம்பி என்ன செய்தான் என்று பிக்கு கேட்பார் என அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். பிக்கு கேட்டது, முகம் தெரிந்தவுடன் உடலில் எங்கே மாற்றம் தெரிந்தது என்று மட்டும். பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தாடையைத் தொட்டுக் காட்டினார். இறுக்கமா, சூடா, துடிப்பா, ஒரே அளவில் இருந்ததா, கூடிக் குறைந்ததா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. மறுநாள் அவர் தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறுக்கம் காதுக்குக் கீழே தொடங்கி, பல்லைக் கடிக்கும் முன்பே தளர்ந்துவிடுகிறது என்று மிகுந்த ஆர்வத்தோடு விவரித்தார்.

உங்களுக்கும் பெரும்பாலும் கோபம் கூடியிருக்காது. முன்பு வாயில் வார்த்தையாக வந்த பிறகு தெரிந்தது, இப்போது தொண்டையிலேயே தெரிகிறது. அதனால் எண்ணிக்கை கூடியதாகத் தோன்றுகிறது. ஆனால், “நான் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்து மேசைக்காரரிடம் எரிந்து விழுவதற்கு இது அனுமதிச் சீட்டாகாது. பஞ்ச சீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களைக் காக்காமல் செய்யும் தியானத்துக்கு அடித்தளமே கிடையாது. உட்கார்ந்தால் எரிச்சல் மிகும் நாட்களில் நடை தியானம் செய்யுங்கள். கால் எழுவதையும் நகர்வதையும் பதிவதையும் மெதுவாகக் கவனியுங்கள். மகாசி முகாம்களில் உட்காருவதற்கு இணையாக நடையும் உண்டு, புதியவர்கள்தான் அதை இடைவேளை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அம்மாவிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். நம் பக்கத்துக் கடாரத்து (இன்றைய கெடா) அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனே ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அவனுடைய சைவம் அதனால் குறைந்துவிடவில்லை. வீட்டில் திருநீறு பூசிக்கொண்டே நீங்கள் உட்காரலாம். கோயங்கா முகாமில் மட்டும் அந்தப் பத்து நாளும் ஜபம், பூஜை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்; அதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

முகாமுக்குப் போங்கள், ஆனால் கோபத்தை ஒழித்துவர என்று போகாதீர்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து நாளொன்றுக்குச் சுமார் பத்து மணிநேரம் பேசாமல் உட்காருவது எல்லா மனத்துக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதன்று. விண்ணப்பத்தில் மனநலம் பற்றியும் மருந்துகள் பற்றியும் கேட்பார்கள். தூக்கம் வரவில்லை, மாத்திரை எடுக்கிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை அங்கேயும் மறைக்காமல் எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.