மிதவை வாங்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டில் வாங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம். 2019 செப்டம்பரில் பூங்கோரை (கடலில் திடீரென்று பெருகும் நுண்பாசி) படர்ந்து, கடல் பச்சையாகி, மீன் செத்து ஒதுங்கியது. மறுபடியும் அப்படி ஆகுமோ என்ற பயத்தில், கடலில் ஆக்சிஜன் அளவைப் பத்து வருடமாவது தொடர்ந்து அளந்து வைக்க எங்கள் மீனவர் சங்கம் நினைக்கிறது. ஒரு நிறுவனம் நன்கொடை தருகிறது. சென்சார் வைத்த மிதவை போட்டால் செல்போனிலேயே பார்க்கலாம் என்று ஒருவர் விலைப்பட்டியல் நீட்டியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் இரண்டு வருடத்துக்காவது வேண்டாம்.

அந்த விலைப்பட்டியலில் சென்சார் எத்தனை மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். நான் பார்த்த பட்டியல்களில் அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர். மேல்தண்ணீரில் காற்றும் அலையும் ஓயாமல் ஆக்சிஜனைக் கலக்கிக்கொண்டே இருக்கும். பூங்கோரை செத்து அழுகும்போது ஆக்சிஜன் முதலில் தீருவது பெரும்பாலும் அடியில்தான். 2019-ல் பவளப்பாறைப் பகுதியில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீனுக்கு மூச்சு முட்டும் எல்லைக்கோடாக உலகம் முழுக்க வைத்திருப்பதும் அந்த 2-தான். மிதவை மேலே ஆடிக்கொண்டு எல்லாம் நலம் என்று சொல்லும், கீழே நண்டு செத்துக் கிடக்கும்.

அப்புறம் கொட்டலசு, படகிலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஓட்டு உயிர். உங்கள் வள்ளத்தின் அடியில் எவ்வளவு சீக்கிரம் ஒட்டுகிறது என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். சென்சாரை மட்டும் அது விட்டுவைக்குமா? இரண்டு மூன்று வாரத்தில் பாசியும் கொட்டலசும் மூடி, எண் தவறாக வரத் தொடங்கும். யார் முங்கிச் சுரண்டுவது என்று கேட்டால், 'பராமரிப்பு ஒப்பந்தம் தனி' என்பார்கள். லாபம் அங்கேதான். இன்னொன்றும் கேளுங்கள்: அளவுகள் உங்கள் கைக்குக் கோப்பாக வருமா, அவர்கள் செயலியில் மட்டும் இருக்குமா? சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கும் போய்விடும் என்றால், அதை நீண்டகாலக் கண்காணிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, என்னதான் வாங்குவது? இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் கையடக்க ஆக்சிஜன் மீட்டர் போதும். பண்ணைக் குளத்துக்கான மீட்டருக்குக் கேபிள் குட்டையாக இருக்கும். உங்கள் இடத்தின் ஆழத்தைவிட நீளமான கேபிளாகக் கேளுங்கள். மீட்டரில் உப்பளவைப் பதிய மறக்காதீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 6.2-தான். உப்பு பூஜ்யம் என்று விட்டுவிட்டால் உண்மையில் 2 இருக்கும்போது மீட்டர் 2.4 காட்டும்.

நேரம் விடிவதற்கு முன். பகலில் பாசிகள் ஆக்சிஜன் விடும். இரவு முழுக்க எல்லா உயிரும் இழுப்பதால் விடியலில்தான் மிகக் குறைந்த அளவு தெரியும். மாதம் இரு முறை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு முறை, ஜிபிஎஸ்ஸில் குறித்த அதே இடத்தில், அடியிலிருந்து அரை மீட்டர் மேலே அளவெடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடல்தாழை (கடலடியில் வளரும் புல்) அடர்ந்த இடத்தில் விடியலில் 3 காட்டினால் அலறாதீர்கள். அதே இடத்தில் மதியம் 8-க்கு மேல் காட்டலாம். அந்தப் புல்லுக்கு அது அன்றாட மூச்சு. அதனால் தாழை மேல் ஒரு இடம், பக்கத்தில் வெறும் மணல் தரையில் ஒரு இடம் என்று இரண்டையும் ஒரே காலையில் அளக்க வேண்டும். தாழையில் மட்டும் குறைந்தால் அது வழக்கம். மணலிலும் சேர்ந்து குறைந்தால்தான் சேதி. மதியமும் ஏறாமல் கிடந்தால் இன்னும் மோசம். தாழை மேல் மட்டுமே அளந்துவிட்டு, கடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று மேடையில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் பழுதாகும், புதிது வாங்குவீர்கள். பழையது மூச்சை விடுவதற்கு முன்பே வாங்கி, இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்து இறக்குங்கள். இல்லாவிட்டால் கடல் மாறியதா கருவி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் காண்டோலிம் கடலில் 1997 முதல் ஒரே இடத்துக்குப் போய்வருகிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் 1985-ல் தொடங்கிய அளவீடு இன்றும் நடக்கிறது. இங்கே மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் கருவி அலமாரிக்கும், ஆள் வேறு வேலைக்கும் போய்விடுகிறார்கள். கரை ஊருக்கே தராத அளவீட்டை எந்த மீனுக்காகப் பூட்டி வைக்கிறார்களோ தெரியவில்லை. தீவுகளை ஒட்டிய தேசியப் பூங்கா எல்லைக்குள் அளப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் முடிகிற நேரத்தில் கேட்காமல் இப்போதே மனு கொடுங்கள், கோப்பு நகர்வதற்குள் பூங்கோரை வந்து போய்விடும்.

தலைப்பில் சொன்ன பாட்டில், விங்க்ளர் முறைக்கானது; அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை வேதி மருந்து விட்டு அளக்கும் முறை. பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேட்டால் அதற்கான இரண்டு மருந்தும் செய்முறையும் கிடைக்கும். குமிழி இல்லாமல் அடித்தண்ணீரை நிரப்பி, படகிலேயே இரண்டு மருந்தையும் விட்டு மூடுங்கள். படிவது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் ஏறக்குறைய இல்லை. மாதம் ஒரு முறை மீட்டரை இதோடு ஒப்பிடுங்கள். மீட்டர் 2-க்குக் கீழே காட்டும் நாளில் கட்டாயம் மூன்று பாட்டில் பிடித்து, வெயில் படாமல் சாக்கில் சுற்றி, அன்று மாலைக்குள் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். நேரம், ஆழம், காற்று கச்சானா கொண்டலா (கிழக்குக் காற்று), எல்லாவற்றையும் பாட்டில் மேல் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை நனைந்தால் அழிந்துவிடும்.