டிஜிட்டல் காலத்திலும் சயனோடைப் முறையில் பெண் உருவங்களைப் பதிப்பது ஏன்?

பழசு மேல் இருக்கிற மோகம் என்று நிறைய பேர் சொல்வார்கள், அது கொஞ்சம் உண்மைதான். ஆனால் இதில் கேமராவே தேவையில்லை என்பதுதான் விஷயம். 1842-இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது: இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளையோ துணியையோ இருட்டில் காயவைத்து, அதன்மேல் மாடலைப் படுக்கவைத்து, வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நீலமாகிவிடும், உடம்பு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும்.

தாளோடு ஒட்டிக்கிடக்கும் தோளும் இடுப்பும் கூர்மையாக விழும். சற்றே தூக்கிய முழங்கை புகைபோல் மங்கிப்போகும். ஆளுயர உருவம், ஆனால் முகமோ தோலோ தெரியாது. பெண்ணுடலை மேலும் கீழும் அளந்து பார்க்கும் கண்ணுக்கு இங்கே வேலை குறைவு. எனக்கு இதுதான் பெரிய ஈர்ப்பாகத் தெரிகிறது.

நியூயார்க்கில் 1950 வாக்கிலேயே ஓவியர்கள் சூசன் வைலும் ராபர்ட் ராஷன்பர்க்கும் புளூபிரிண்ட் தாளில் (கட்டட வரைபடங்களை நகலெடுக்க இதே மாதிரி ரசாயனம் பூசி விற்ற தாள்), விளக்கு வெளிச்சத்தில், இப்படிச் செய்தார்கள். பேர் என்னவோ ராஷன்பர்க்குக்குத்தான் போனது, ஆனால் அவருக்கு இந்த நுட்பத்தைக் காட்டியதே வைல்தான். அப்புறம், மாடல் பல நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும், கொஞ்சம் புரண்டாலும் விளிம்பு கலைந்துவிடும். சிலர் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள்.